ஒரு நுளம்பின் கால் சொல்லும் சேதி



கடையில் பால்மா பக்கற் வாங்கும்போது அதன் முதுகில் கறுப்புக் கோடுகள் சில வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். காசாளர் அதை ஒரு சிவப்பு வெளிச்சத்தின் முன் காட்டுகிறார். 'டிக்' என்று ஒரு சத்தம். பொருளின் பெயரும் விலையும் திரையில் வந்துவிடுகின்றன. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பக்கற்றுகளை வைத்தாலும் அந்தக் கோடுகள் ஏமாறுவதில்லை. இதற்குப் பார்கோட் என்று பெயர்.

வல்ல நாயன் படைத்த ஒவ்வொரு பூச்சியின் உடம்பிலும் இதுபோல் ஓர் அடையாள வரிசை உண்டு. அதைப் படித்து, இது இன்ன பூச்சி என்று சொல்லும் முறைக்கு 'டி.என்.ஏ. பார்கோடிங்' என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு நுளம்பின் ஒற்றைக் கால் போதும். (தமிழகத்துச் சகோதரிகளுக்கு நுளம்பு என்றால் கொசு.)

"பூச்சியின் பெயரைத் தெரிந்து அடுப்படியில் நிற்கும் எனக்கு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லச் சப்ரகமுவ மாகாணத்துக் கரவனெல்ல வரை கொஞ்சம் போய்வர வேண்டும்.

வற்றிய களனி

அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்குப் போகும் பாதையில், யட்டியாந்தோட்டைக்கு முன்னால் வரும் ஊர் கரவனெல்ல. பக்கத்தில் ருவன்வெல்ல. களனி கங்கை ஓடும் பள்ளத்தாக்கு. சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள், மேலே ஏற ஏறத் தேயிலை. மழைக்குப் பஞ்சமில்லாத பூமி. வெயில் காய்ந்த வடமத்திய காட்டுப் பகுதிகளில் மலேரியா குடியிருந்த காலத்திலும் இந்தப் பக்கத்தில் அது அரிதாகவே இருந்தது. வேகமாக ஓடும் ஆற்றில் நுளம்பு முட்டையிட்டால், வரும் அடுத்த வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். ஆற்று நீரோட்டத்தையே அல்லாஹ் காவலாக வைத்திருந்தான் எனலாம்.

1934-ஆம் ஆண்டு அந்தக் காவல் விலகியது. மழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் மெலிந்து, மணலும் பாறையுமான படுக்கையில் குட்டை குட்டையாகத் தேங்கின. தெளிந்த நீர், மேலே வெயில், அடியில் மணல். இதற்காகவே காத்திருந்ததுபோல் ஒரு நுளம்பு இனம் அந்தக் குட்டைகளில் கோடிக்கணக்கில் பெருகியது. 1934 ஒக்டோபர் வாக்கில் காய்ச்சல் தொடங்கிற்று. டிசம்பரிலும் ஜனவரியிலும் உச்சத்துக்கு ஏறிற்று. 1935-இன் நடுப்பகுதியில் அடங்கும்போது நாட்டில் சுமார் 80,000 பேர் இறந்திருந்தார்கள். அன்று இலங்கையின் சனத்தொகையே 55 இலட்சம் அளவில்தான். மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் கேகாலை முன்னால் நிற்கிறது. இறந்தவர்களில் பெரும்பகுதி குழந்தைகள். இப்பகுதி மக்களுக்கு முன்பு மலேரியாப் பழக்கம் இல்லாததால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. ஏற்கனவே பட்டினி வேறு.

அப்போது களனிப் பள்ளத்தாக்கில் வீடுவீடாகப் போய் உதவியவர்களில் சூரியமல் இயக்கத்தார் இருந்தார்கள். டாக்டர் எஸ். ஏ. விக்ரமசிங்க, என். எம். பெரேரா போன்றவர்கள். கொயினா மட்டும் கொடுத்துப் பயனில்லை, உடம்பில் சத்து இருந்தால்தான் பிழைப்பார்கள் என்று கண்டு, மார்மைட்டை நாட்டு வைத்தியரின் குளிகை மாதிரி உருண்டை பிடித்துக் கொடுத்தார்களாம். 1936-இல் ருவன்வெல்லத் தொகுதி மக்கள் என். எம். பெரேராவை அரசாங்க சபைக்குத் தெரிவு செய்ததில் இந்தச் சேவைக்கும் பங்கு உண்டு. ஒரு நுளம்பு நாட்டின் அரசியலைக்கூடத் திருப்பிவிட்டது! நம்ரூதின் கதையை உம்மும்மா மடியில் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஆச்சரியமாகப் படாது.

ஒரே முகம், வேறு குணம்

அந்த நுளம்பின் பெயர் அனோபிலிஸ் குலிசிபேசிஸ். இலங்கை மலேரியாவில் அதன் பங்கை எச். எப். கார்ட்டர் என்ற பூச்சியியலாளர் அக்காலத்திலேயே ஆராய்ந்தார். உலகில் 3,500-க்கும் அதிகமான நுளம்பு இனங்கள் உண்டு. மனிதருக்கு நோய் தருபவை அவற்றில் சிறு பகுதிதான். இரத்தம் குடிப்பவை பெண் நுளம்புகள் மட்டுமே என்றதும் வீட்டிலுள்ள ஆண்கள் சிரிக்க வேண்டாம். முட்டை முதிர்வதற்காகவே அவை குடிக்கின்றன. தாய்மையின் சுமை அங்கும் அப்படி!

விஷயம் இத்தோடு முடிந்துவிடவில்லை. குலிசிபேசிஸ் என்று ஒரே பெயரால் அழைத்தோமே, அது ஒரே நுளம்பு அல்ல. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாத ஐந்து 'உடன்பிறப்பு' இனங்கள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. ஏ, பி, சி, டி, ஈ என்று அவற்றுக்கு எழுத்துப் பெயர். தோற்றம் ஒன்று, குணம் வேறு. பி இனம் மலேரியாவை அவ்வளவாகப் பரப்புவதில்லை. அப்படியானால் பி மட்டுமே இருப்பதாக நம்பப்பட்ட இராமேஸ்வரம் தீவில் ஏன் மலேரியா விடாமல் இருந்தது?

இந்தப் புதிரை டாக்டர் சரளா சுப்பாராவ் என்ற பெண் விஞ்ஞானி இடம்பெற்ற இந்திய ஆய்வுக் குழுவினர் விடுவித்தார்கள். பி என்று எண்ணிய கூட்டத்துக்குள் இன்னொன்று கலந்திருக்கிறது, நோயைப் பரப்புவது அதுதான் என்று 1999-இல் எழுதினார்கள். அதுவே ஈ இனம். மறு வருடமே, 2000-இல், சின்னத்தம்பி நோபல் சுரேந்திரனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இலங்கையிலும் பி, ஈ இரண்டும் இருப்பதாகக் காட்டினார்கள். ஆண் நுளம்பின் 'வை' குரோமோசோமின் வடிவத்தைப் பார்த்துத்தான் பிரித்தறிந்தார்கள்; அன்று பார்கோட் முறை பிறந்திருக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஒரே முகச்சாயலில் இரட்டையர் இருவர். ஒருவர் பரம சாது, மற்றவர் கையில் கத்தி. ஆளை அறியாமல் சாதுவைத் துரத்திக்கொண்டிருந்தால் என்ன பயன்?

தாயிடமிருந்து வரும் எழுத்து

2003-இல் கனடா நாட்டுக் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் என்பவர், விலங்குகளை இனங்காண ஒரே ஒரு மரபணுவின் சிறு துண்டு போதும் என்று எழுதினார். அம்மரபணுவின் பெயர் சுருக்கமாகச் சி.ஓ.ஐ. அதில் 658 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியைப் படிக்க வேண்டும். டி.என்.ஏ. மொழியில் ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள்தாம். அந்த நான்கும் எந்த ஒழுங்கில் 658 இடங்களில் வருகின்றன என்பதே பூச்சியின் அடையாள அட்டை. நம் ஊர் மத்ரஸாவில் 'பாத்திமா' என்று கூப்பிட்டால் பத்துப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். அடையாள அட்டை இலக்கம் ஒருவருக்குத்தானே இருக்கும்?

இந்த மரபணு இருக்குமிடம் உயிரணுவின் கருவுக்குள் அல்ல, அதற்குச் சக்தி தரும் மைட்டோகொண்ட்ரியா என்ற சிறு உறுப்புக்குள். அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. தகப்பனுக்கு இதில் பங்கில்லை. நுளம்புக்கும் அப்படி, நமக்கும் அப்படி. ஸுப்ஹானல்லாஹ்!

வேலை நடக்கும் விதம் கடினமானதல்ல. பிடித்த பூச்சியின் ஒரு காலை எடுத்து, அதிலிருந்து டி.என்.ஏ.யைக் கரைத்துப் பிரிக்கிறார்கள். கிடைப்பது மிகச் சொற்பம். ஒரு பக்கத்தைப் போட்டோகொப்பி எடுப்பதுபோல் வேண்டிய துண்டை மட்டும் இலட்சக்கணக்கில் பெருக்குகிறார்கள். கொரோனாக் காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய பி.சி.ஆர். என்பது இதுதான். பிறகு எழுத்துகளை இயந்திரம் வாசிக்கிறது. வந்த வரிசையைக் கணினியிலுள்ள பொது நூலகத்தோடு ஒப்பிட்டால் பெயர் கிடைக்கும். முழுப் பூச்சி இருக்க வேண்டுமென்பதில்லை. சிறகு உதிர்ந்த நுளம்பு, வாளித் தண்ணீரில் நெளியும் புழு, முட்டை, எதுவானாலும் சரி. கண்ணால் இனம் சொல்ல முடியாத பருவத்தில்கூட ஆளைப் பிடித்துவிடலாம் என்பதுதான் இதன் பெரிய உபகாரம்.

ஆனால் நூலகத்தில் பெயரே இல்லாவிட்டால்? வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். முதலில் அந்தப் பூச்சியை அறிந்த நிபுணர் ஒருவர் கண்ணால் பார்த்து, பெயர் உறுதி செய்து, மாதிரியைப் பத்திரப்படுத்தி, அதன் வரிசையைச் சேர்த்திருக்க வேண்டும். உஸ்தாத் இல்லாமல் கிதாபு மட்டும் போதாது என்பார்களே, அதுபோல. இக்காலத்தில் கருவிகளுக்குப் பணம் ஒதுக்குமளவுக்குப் பூச்சிகளைப் பெயர் சொல்லும் ஆட்களை உருவாக்க எவரும் முன்வருவதில்லை என்பது என் வருத்தம்.

வெப்ப நாடுகளுக்கு இது ஏன் முக்கியம் என்றால், பூச்சிகளின் பெருங்கூட்டம் நம்மைப் போன்ற பூமிகளில்தான் இருக்கிறது. உலகில் இதுவரை பெயரிட்ட பூச்சி இனங்கள் சுமார் 10 இலட்சம். மொத்தம் 55 இலட்சம் வரை இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு. ஆதம் (அலை) அவர்களுக்குப் பெயர்களைக் கற்றுக்கொடுத்த ரப்பு, அவர்களின் மக்களுக்கு எவ்வளவு வேலையை மிச்சம் வைத்திருக்கிறான் பாருங்கள்.

கோஸ்தரிக்கா என்ற மத்திய அமெரிக்க நாட்டில் டேனியல் ஜான்சன், வின்னி ஹல்வாக்ஸ் என்ற கணவன் மனைவி ஒரு காட்டில் பல்லாண்டுகளாகக் கம்பளிப்புழுக்களைச் சேகரித்து வளர்த்து வந்தார்கள். அங்கே ஒரு வண்ணத்துப்பூச்சி. 200 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே இனம் என்று எல்லோரும் எண்ணியிருந்தது. புழுப் பருவத்தில் மட்டும் நிறமும் தின்னும் இலையும் வெவ்வேறாக இருந்தன. 2004-இல் பார்கோட் பார்த்தபோது அந்த ஒன்று பத்து இனங்களாகப் பிரிந்தது! இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. அக்காட்டில் புழுக்களைச் சேகரித்து, எந்த இலை, எந்தத் தேதி என்று குறித்து வைத்தவர்கள் பட்டதாரிகள் அல்லர். சுற்றுக் கிராமங்களின் சாதாரண ஆண்களும் பெண்களும். பயிற்சி கொடுத்துச் சம்பளத்துக்கு எடுத்திருந்தார்கள். இந்த இலையில் இந்தப் புழு என்ற அவர்களின் குறிப்பு இல்லாவிட்டால் பத்தென்று வந்த கணக்கை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மன்னார்க் கிணறுகள்

திரும்பவும் நம் நாட்டுக்கு வருவோம். 1946-இல் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கிய பின் மலேரியா மளமளவென்று இறங்கியது. 1963-இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் இருந்தது. ஒழிந்தது என்று கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். 1969-இல் நோயாளிகள் 5 இலட்சத்தைத் தாண்டினார்கள்! பிறகு எவ்வளவோ பாடுபட்டு, 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளி இல்லை என்ற நிலை வந்தது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அதே 2016 டிசம்பரில், மலேரியா தடை இயக்கத்தின் ஊழியர்கள் மன்னாரில் வழமையான சோதனை செய்துகொண்டிருந்தபோது, கிணறுகளில் இதுவரை இந்நாட்டில் கண்டிராத புழு ஒன்று அகப்பட்டது. உருவத்தைக் கொண்டு அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்று சந்தேகித்தார்கள். சந்தேகத்தை உறுதியாக்கியது டி.என்.ஏ. சி.ஓ.ஐ. மரபணுவின் எழுத்துகள் பொருந்திவிட்டன. 2017-இல் செய்தி வெளியாயிற்று. பின்னர் யாழ்ப்பாண நகரிலும் அது காணப்பட்டது.

இந்த ஸ்டீபன்சி பட்டணத்து நுளம்பு. குலிசிபேசிஸ் ஆற்றங்கரைக் குட்டையைத் தேடும். இதற்குக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் மாடியிலுள்ள தண்ணீர்த் தாங்கியும் போதும். சென்னையில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். ஆபிரிக்காக் கரையிலுள்ள ஜிபூட்டி என்ற முஸ்லிம் நாட்டில் 2012-இல் இது நுழைந்தது. அந்த ஆண்டு அங்கு மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020-இல் 73,000-க்கு மேல்! மன்னாரில் அப்படி நேரவில்லை. நேரத்தோடு ஆளை அடையாளம் கண்டு, கிணறுகளில் புழுத்தின்னும் மீன்களை விட்டு, மருந்திட்டு, பாவனையில்லாத கிணறுகளை மூடும் வேலையைத் தொடங்கினார்கள். நுளம்பு இன்னும் போய்விடவில்லை. ஆனால் அது இன்னாரென்று தெரியும்.

பேராதனையைச் சேர்ந்த திலினி வீரரத்னவும் பேராசிரியர் பராக்கிரம கருணாரத்னவும், யாழ்ப்பாணத்துச் சுரேந்திரனும் பிறரும் சேர்ந்து 2017-இல் எட்டு இடங்களின் அனோபிலிஸ் நுளம்புகளையும், 2018-இல் டெங்கு நுளம்பு அடங்கிய மற்றக் கூட்டத்தையும் பார்கோட் செய்து நூலகத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு முன்பே, 2010-இல், நம் கரையோரத்தில் சப்பிக்டஸ் என்று எண்ணியிருந்த நுளம்புகளில் ஒரு பகுதி உண்மையில் சண்டைகஸ் என்ற வேறு கூட்டம் என்பதை டி.என்.ஏ. காட்டியிருந்தது.

இம்முறையும் தவறாத ஒன்றல்ல. தாய்வழி எழுத்தை மட்டும் படிப்பதால், அண்மையில் பிரிந்த உடன்பிறப்பு இனங்களிடம் தடுமாறும். குலிசிபேசிஸ் பி-யும் ஈ-யும் அப்படி முரண்டு பிடிக்கும் சோடி. கரவனெல்லக் குட்டைகளில் 1934-இல் பெருகியது அவற்றுள் எது என்று கேட்டால் இன்று யாராலும் சொல்ல இயலாது.

அடுப்படிக்குத் திரும்பினால்

டெங்கு நுளம்பைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கறுப்புக் காலில் வெள்ளை வளையம், பகலில் கடிக்கும். முதுகின் நடுவே ஒரே வெள்ளைக் கோடு இருந்தால் ஏடிஸ் அல்போபிக்டஸ். வளைந்த இரட்டைக் கோடு இருந்தால் ஏடிஸ் ஈஜிப்தி. 2017-இல் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்ட நாடு இது. தோட்டப் பகுதிகளில் அல்போபிக்டஸுக்கு வசதியான வீடு ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டை. பால் வெட்டாத நாட்களில் கவிழ்த்து வைக்காவிட்டால் மழை நீர் நிரம்பிவிடும். வீட்டில் என்றால் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூச்சாடிக் கோப்பை, கூரைப் பீலி, மூடாத பரல். பள்ளிவாசல் ஹவுழையும் மறந்துவிடாதீர்கள். நிர்வாகத்தாரிடம் சொல்ல நாம் கூச்சப்படத் தேவையில்லை. ஏழு நாளுக்கு ஒருமுறை உரசிக் கழுவினால் புழு நுளம்பாக அவகாசம் கிடைக்காது. உரசுவது முக்கியம், ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

மலேரியா விஷயம் வேறு. இரத்தினபுரி, பேருவளைப் பக்கத்துக் குடும்பங்களில் பலருக்கு மாணிக்கக் கல் வியாபாரம். மடகஸ்காருக்கும் மொசாம்பிக்குக்கும் போய் மாதக்கணக்கில் தங்கிவரும் கணவன்மார், நானாமார், மகன்மார் எத்தனை பேர்! இன்று இலங்கையில் காணப்படும் மலேரியா எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருபவர்களோடு வருவதுதான். பரப்பும் நுளம்பு இங்கே இருக்கிறது, கிருமிதான் இல்லை. அதை ஓர் ஆள் உடம்பில் கொண்டுவந்தால் போதும்.

அப்படிப் போகிறவர் பயணத்துக்கு முன்பே மலேரியா தடை இயக்கத்தை அணுகினால் தடுப்பு மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறார்கள். திரும்பி வந்த பிறகும் சொன்ன காலம் வரை அதை விடாமல் சாப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்து சில வாரங்கள், சில வேளை பல மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், பனடோலோடு விட்டுவிடாதீர்கள். இளம் டாக்டர்கள் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதில்லை. டெங்கு என்றே முதலில் நினைப்பார்கள். ஆபிரிக்க மலேரியாவில் ஒருவகை சில நாட்களுக்குள் உயிரையே வாங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அது இரட்டை ஆபத்து. காய்ச்சலில் கிடப்பவர் தாமாகச் சொல்ல மாட்டார். "இவர் இன்ன மாதம் மடகஸ்கார் போய் வந்தவர், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்" என்று அந்த இடத்தில் சொல்ல வேண்டியவர் கூட நிற்கும் மனைவியோ உம்மாவோதான்.